நாற்பத்தொன்றாவது ஆள்

சங்கத்தில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். மேலே மராத்தியில் நாலு வரி. அதற்குக் கீழே பெயர், வேலை செய்யும் இடம், கையெழுத்து. அடியில் ‘ஆட்சேபணைக்குக் காரணம்’ என்று போட்டு இரண்டே இரண்டு கோடு.

மாநில அரசு தொழிற்சங்கங்களுக்கான சட்டதிட்டங்களை மாற்றப் போகிறது, வரைவை வெளியிட்டிருக்கிறது, வேண்டாம் என்கிறவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். செயலாளர் இதை எங்களுக்கு மூன்று தடவை சொன்னார். அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்து, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பேச்சு அவருக்குப் புரியும். அவர் பேச்சைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

“காரணத்தைச் சுருக்கமா எழுதுங்கோம்மா. கதை எழுதாதேங்கோ,” என்றார். எல்லாருக்கும் பொதுவாகச் சொன்ன மாதிரி இருந்தாலும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கு எழுத வரும். தாராவி முனிசிபாலிட்டிப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை தமிழ் படித்தேன். மிச்சமெல்லாம் சங்கத்து நோட்டீசைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. ஆனால் சுருக்கமாக எழுத வராது. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், “ரெண்டு கோடு இவ பேரு எழுதவே காணாது எண்ணே, முழு நோட்டா குடுங்க” என்று அந்த இடத்திலேயே என் மானத்தை வாங்கியிருப்பாள்.

அவளைப் பாண்டுப்காரி என்போம். பிறந்தது தாராவியில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கல்யாணம் ஆகிப் பாண்டுப்புக்குப் போனதிலிருந்து அந்தப் பெயர். செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனி. அதில் பாக்கிங் செக்‌ஷன். மாத்திரை அட்டைகள் ஓடும் பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கும். எடுத்து, பார்த்து, சின்ன அட்டைப்பெட்டியில் சொருகி, மூடி, அடுத்தது. பெல்ட்டின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இருபத்தோரு வருஷம் நேருக்கு நேர். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அந்தப் பெல்ட்டுக்கு அவள் வைத்த பெயர் மாமியா. “இவளும் நிக்க மாட்டா, நம்மளையும் இருக்க விடமாட்டா” என்பாள். அதற்குப் பிறகு செக்‌ஷனில் யாருமே பெல்ட் என்று சொன்னதில்லை. “மாமியா இன்னைக்கு என்ன இந்த ஓட்டம் ஓடுதா?” “கரண்டு போயிட்டு, மாமியா படுத்துட்டா.” மராத்திக்காரப் பெண்களும் மாமியா என்றுதான் சொல்வார்கள். சூப்பர்வைசர் ஒரு நாள் அவசரத்தில் மெக்கானிக்கிடம், “மாமியா பந்த் ஹை” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இந்த மாதிரி அவள் வாயிலிருந்து வந்ததை எல்லாம் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சில பேர் பழைய புடவையை வைத்திருக்கிற மாதிரி. லீவு நாளில் போன் பண்ணுவாள். என்ன விஷயம் என்று கேட்டால், “ஒரு விஷயமும் இல்லட்டி. உன்னத் தேடிச்சு, அதான்” என்பாள். ஞாபகம் வந்து ஏங்கினால் தாராவியில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் என்னை அப்படித் தேடுகிற ஆள் இப்போது இல்லை. எனக்குத்தான் தேடிக்கொண்டே இருக்கிறது.

சங்கத்துக்கு ஆள் சேர்த்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. நான் தாராவி, அவள் பாண்டுப். கல்யாணிலிருந்து வருகிறவர்களை லோக்கல் டிரெயினின் லேடீஸ் டப்பாவிலேயே பிடித்துவிடுவாள். சட்டம், உரிமை என்று எனக்குத் தெரிந்ததை நான் விளக்கிக்கொண்டிருப்பேன். எதிரில் இருப்பவள் கொட்டாவி விடுவாள். இவள் நடுவில் புகுந்து, “எக்கா, சங்கம்னா ஒண்ணுமில்ல. உங்க வீட்டுத் துட்டிக்கு நாங்க வருவோம், எங்க வீட்டுத் துட்டிக்கு நீங்க வரணும். அம்புட்டுத்தான்” என்பாள். உடனே கையெழுத்து விழும்.

சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவதைத்தான் எங்கள் பக்கத்தில் துட்டி என்போம். அவள் விளையாட்டாகச் சொன்னது பிறகு எங்கள் செக்‌ஷனின் வழக்கமாகவே ஆகிவிட்டது. நிரந்தரத் தொழிலாளி யார் வீட்டில் சாவு என்றாலும் அத்தனை பேரும் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம். எந்த ஒப்பந்தத்திலும் இது கிடையாது. பழைய மேனேஜர் ஒரு குஜராத்திக்காரர். சாவுச் செய்தி வந்தால் தானே எழுந்து வந்து சுவிட்சை அணைப்பார். “ஜாவ், ஜாவ்” என்பார். விட்டுப்போன வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துக் கொடுத்துவிடுவோம். அவருக்கும் நஷ்டமில்லை, எங்களுக்கும் குறையில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த அன்று நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சந்து இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. திடீரென்று வாசலில் வெளிச்சம் குறைந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் நீலம். கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அத்தனை பெண்களும் வந்து சந்தை அடைத்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் முன்னால் அவள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “வந்துட்டோம்ட்டி. மாமியாவ நிறுத்திட்டு வந்துட்டோம்” என்றாள். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போதுதான் வந்தது.

பிறகு காலம் மாறியது. பழைய மேனேஜர் போனார். நிரந்தர ஆட்கள் குறைந்து குறைந்து எண்பத்திரண்டு பேர் ஆனோம். மீதி இடத்தில் காண்டிராக்ட் பெண்கள். அவளுக்கும் வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து வேலையை விட்டுவிட்டாள். என் எதிரில் வேறொருத்தி வந்து நின்றாள். நல்ல பெண்தான். ஆனால் பேசமாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் இந்த வரைவு வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செயலாளர் எங்கள் கேட்டுக்கு வந்து மீட்டிங் போட்டார். கையில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான். ஒரே நாளில் தொழிலாளர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து லீவு எடுத்தால், அது லீவு இல்லை, வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் என்றால் பதினாலு நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சட்டவிரோதம். சங்கத்தின் பதிவுக்கே ஆபத்து வரலாம்.

பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: “எண்ணே, அப்ப துட்டிக்கும் பதினாலு நாளு முன்னால நோட்டீஸ் குடுக்கணுமா?”

“சாவப்போறவட்ட தேதி கேட்டு வாங்கிரு,” என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தோம். செயலாளர் சிரிக்கவில்லை. “இன்னும் அமலுக்கு வரலை. வரைவுதான். ஆனா உங்க கம்பெனி அது வந்துட்ட மாதிரியே நடந்துக்கறது. சம்பள ஒப்பந்தம் பேச்சுல இருக்கு. நம்ம கிட்ட ஒரு தப்பு கிடைக்காதான்னு காத்துண்டிருக்கா. எண்பத்திரண்டுல பாதி நாற்பத்தொண்ணு. நாற்பதைத் தாண்டாதேங்கோ,” என்றார்.

சரியாக ஒரு வாரத்தில் நோட்டீஸ் போர்டில் கம்பெனியும் அதையே வேறு மாதிரி ஒட்டியது. கூட்டாக லீவு எடுத்தால் நடவடிக்கை.

சாயந்தரம் அவளுக்குப் போனில் சொன்னேன். அவள் இருமிக்கொண்டே சிரித்தாள். “சரிட்டி. நான் நோட்டீஸ் குடுத்துட்டே சாவுதேன். பதினாலு நாளுக்கு முன்னாலயே உனக்கு ரிங் அடிக்கேன்.”

“வாயக் கழுவு.”

“இல்லட்டி, கேளு. பேண்டு வாத்தியமா கேக்கேன்? மால மருவாதயா கேக்கேன்? எல்லாரும் வாங்க. ரெண்டு ரெண்டு பேரா வந்து தலையக் காட்டிட்டு டிரெயினப் பிடிக்கப் போற துட்டி எனக்கு வேண்டாம். நீலக் கோட்டோட வரணும். நீதான் முன்னால நிக்கணும். உங்க வீட்டுக்கு நான் வந்தேம்லா.”

“வாரேன்,” என்றேன். “முன்னால நிக்கேன்.”

அவள் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். நாலு மணிக்கு அடக்கம் என்றார். போனை வைத்துவிட்டு நான் பெல்ட்டைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க யாரும் எழுந்து வரவில்லை. செயலாளருக்குப் போன் போட்டேன். எத்தனை மணிக்கு அடக்கம் என்று கேட்டார். பிறகு, “நாற்பது பேர்மா. பட்டியல் எழுதி ஆபீஸ்ல கொடுத்து கேட் பாஸ் வாங்கிண்டு போங்கோ. நாற்பதுன்னா நாற்பதுதான்,” என்றார். நாற்பது பேர் போனால் துட்டி. நாற்பத்தொன்று போனால் ஸ்ட்ரைக்.

எங்கள் சங்கக் கமிட்டியில் எழுதத் தெரிந்தவள் நான்தானே. பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைத்து எழுதினேன். சாவு வீட்டுக்கு ஆளைப் பொறுக்குகிற வேலை யாருக்கும் வரக் கூடாது. அவளோடு ஒரே டிரெயினில் வந்தவர்கள், சரி. அவள் சர்ச்சுக்காரர்கள், சரி. அவளோடு சண்டை போட்டு மூணு வருஷமாகப் பேசாமல் இருந்த ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, “என்ன விட்டுராதட்டி” என்றாள். அவளையும் எழுதினேன். முட்டி வலிக்காரி ஒருத்தியிடம், “எக்கா, பாண்டுப்ல படி ஏறணும், உங்களால முடியாது” என்றதற்கு, “நீ எழுது, நான் உருண்டாவது ஏறுவேன்” என்றாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. எண்ணிப் பார்த்தேன். இன்னொரு தடவை எண்ணினேன். சரியாக நாற்பது. ஓடிப்போய் ஆபீசில் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் பெண் வந்து கேட் பாஸை ஒவ்வொரு பெயராக வாசித்துக் கொடுத்தாள். கொடுத்து முடித்துவிட்டு வெறும் கையைத் தட்டிக்கொண்டாள். நான் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன்.

என் பெயரை நான் எழுதவில்லை.

மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் வீட்டுக்கு நான் போவதைத் தாளில் எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்று என் புத்தியில் எங்கே ஏறும்? மூச்சு விடுவதை எழுதுவோமா?

ஆபீஸ் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். என்னை மௌஷி என்றுதான் கூப்பிடுவாள், சித்தி என்று அர்த்தம். “லிஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போயாச்சு மௌஷி. இனி மாத்த முடியாது,” என்று இந்தியில் சொன்னாள். அவள் முகத்திலும் வருத்தம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

முட்டி வலிக்காரி தன் பாஸை என் கையில் திணித்தாள். “நீ போ, ஏட்டி. நான் இங்கன இருக்கேன்.”

“அதுல உங்க போட்டோ இருக்குக்கா.”

“உன் மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒண்ணுதான், வாட்ச்மேனுக்கு என்ன தெரியும்?”

“அவருக்குத் தெரியாட்டாலும் கேமராவுக்குத் தெரியும்லா.”

நாற்பது பேரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். ஒருத்திகூடக் கழற்றவில்லை. நானும் கேட்டு வரை போனேன். வாட்ச்மேன் ஒவ்வொரு பாஸாகப் பார்த்து விட்டார். கடைசி ஆளும் போன பிறகு கேட்டைச் சாத்தாமல் என்னைப் பார்த்தார். திறந்துதான் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் ரோடு.

போயிருக்கலாம். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் என் தலைக்குள் செயலாளரின் ‘நாற்பதுன்னா நாற்பது’ ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கத்துக்கு அவள் லேடீஸ் டப்பாவில் நின்றுகொண்டே வாங்கிய கையெழுத்துகள் ஞாபகம் வந்தன. அவள் துட்டிக்குப் போகிற சாக்கில் அவள் கட்டியதை நான் இடித்துவிட்டால், அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தேன். முழிக்க முகம் இனி இல்லை என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. திரும்பி உள்ளே வந்தேன். நான் செய்தது சரியா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அவளைக் கேட்டால் தெரியும்.

மத்தியானம் முழுக்க மாமியா ஓடினாள். கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். காலி இடங்களில் காண்டிராக்ட் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்கு எதிரில் நின்ற பீகார்ப் பெண், “மௌஷி, யார் செத்தது?” என்று கேட்டாள். “நீ நிக்கிற இடத்துல நின்னவ” என்றேன். அவள் சட்டென்று ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள். வேலை முடிகிற வரைக்கும் அந்த இடத்தில் கால் வைக்காமல், எட்டி எட்டியே அட்டையை எடுத்தாள். பெயர்கூடத் தெரியாத பெண். அன்றைக்கு எனக்குத் துட்டி கேட்ட முதல் ஆள் அவள்தான்.

நாலரைக்கு மணி அடித்தது. செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, பாண்டுப்பில் இறங்கியபோது ஆறாகப் போகிறது. நடுவில் போன் வந்தது. முட்டி வலிக்காரிதான். “நாங்க அஞ்சு வரைக்கும் பிடிச்சு வச்சிருந்தோம்ட்டி. போதகரும் பாத்தாரு. கல்லறைத் தோட்டத்துக்காரன் இதுக்கு மேல முடியாதுன்னுட்டான்.” மூக்கைச் சிந்திக்கொண்டாள். “மூடியாச்சு.”

ஆட்டோவில் போய் இறங்கினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. இந்நேரம் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள், தனியாக ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்து வாசலில் நீலம். நாற்பது பேரும் அங்கேயே நிற்கிறார்கள். அடுப்பு, பிள்ளை, கல்யாண் வண்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கேட் மீட்டிங்குக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எல்லாரும் திரும்பினார்கள். அவளோடு மூணு வருஷம் பேசாமல் இருந்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, நாப்பத்தொண்ணு வந்தாச்சு. இப்பதான் இது ஸ்ட்ரைக்கு.”

 யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். சாவுக்கு வந்த இடத்தில், கோட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நாங்கள் சிரித்தோம். அவள் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். “இத அவ கேட்டிருந்தா விடமாட்டாளே,” என்றார். ஆமாம், அவள் கேட்டிருந்தால் ஒரு மாதம் இதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

வழிவிட்டார்கள். நான் முன்னால் போனேன். மற்றவர்கள் பின்னால் வந்து நின்றார்கள். ஈர மண், அதன் மேல் நாலைந்து மாலை. மர வியாபாரியிடம் வாங்கிய சிலுவையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. சொன்ன மாதிரியே முன்னால் நின்றுவிட்டேன். நின்றபிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

“சொல்லுட்டி,” என்று பின்னாலிருந்து முட்டி வலிக்காரி என் முதுகைத் தொட்டாள்.

“வந்துட்டோம்ட்டி,” என்றேன்.

அவள் என் வீட்டு வாசலில் சொன்னதன் மறுபாதி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு மாமியாவை யாரும் நிறுத்தவில்லை. அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. அதனால் அந்தப் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. கொடுக்கக் கடைசி நாள் வருகிற வெள்ளி. நேற்று செயலாளர் போன் செய்து, “உங்களோடது மட்டும் வரலையேம்மா,” என்றார். “நீங்க குடுத்த ரெண்டு கோடு எழுதக் காணாது எண்ணே,” என்றேன்.  அடக்கத்துக்கு அவரும் வந்திருந்தார். “பரவாயில்லை. தனித் தாள்ல எழுதிப் பின் பண்ணிக் குடுங்கோ,” என்றார்.

முழு நோட்டே வாங்கிவிட்டேன். அவள் சொல்லியிருக்கக்கூடிய மாதிரியே.